கடலில் அடிபட்டால் யார் கொடுக்க வேண்டும்? வாசகர் கேள்வி–பதில்

நாகை, மயிலாடுதுறை, காரைக்கால் கரையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. படகிலோ கப்பலிலோ துறைமுகத்திலோ அடிபட்டவருக்கு, அல்லது அவரை இழந்த குடும்பத்துக்கு, சட்டப்படி என்ன கிடைக்கும், அதை எங்கே கேட்பது?

பதில்களுக்குள் போகுமுன் ஒன்று. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை விபத்து நடந்த தேதிதான் தீர்மானிக்கும். 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்ததற்கு 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அந்தத் தேதியிலிருந்து நடப்பவற்றுக்கு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. கணக்குப் போடும் முறை இரண்டிலும் அடிப்படையில் ஒன்றுதான். கீழே உள்ள கணக்குகள் பழைய சட்டத்தின் காலத்தில் நடந்த விபத்துகளுக்கானவை.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை பார்த்தார். 2025 ஆகஸ்டில் மடி வலை இழுக்கும்போது கயிறு தட்டிக் கடலில் விழுந்து இறந்துவிட்டார். வயது 35. மறுநாள்தான் உடல் கிடைத்தது. படகு முதலாளி ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்து இரண்டு லட்சம் கொடுத்தார். இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இரண்டு பெண் பிள்ளைகள். மாமியாரும் என்னோடுதான் இருக்கிறார். இனிமேல் ஏதாவது கேட்க முடியுமா?
— வாசகி, அக்கரைப்பேட்டை

பதில்: முடியும் அம்மா. அந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் இந்தச் சட்டத்தில் செல்லாது.

இதைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. கரையில் பலருக்கும் அது தெரியாததால்தான் இவ்வளவு இழப்பும் நடக்கிறது. மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்த பணத்தை இழப்பீடு கொடுத்ததாகச் சட்டம் ஏற்காது. ஒரே விலக்கு, மூன்று மாதச் சம்பள அளவுக்கு முன்பணமாகக் கொடுப்பது. அதை மட்டும் ஆணையர் பிறகு கழிப்பார். உங்கள் கணவரின் மாத ஊதியம் 15,000 என்று ஏற்கப்பட்டால் அந்த விலக்கு 45,000 ரூபாயோடு முடிந்தது. ஆனாலும் வாங்கிய இரண்டு லட்சத்தை மனுவில் மறைக்காதீர்கள். நீங்களே தேதியோடு எழுதிவிடுங்கள். மறைத்தது விசாரணையில் வெளிவந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

தொகையைக் கணக்கிடும் விதம் இது. மாத ஊதியத்தில் பாதியை எடுத்து, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். ஊதியம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் சேர்வது அதிகபட்சம் 15,000. 2020 ஜனவரி முதல் இதுதான் உச்சவரம்பு. 35 வயதுக்குக் காரணி 197.06. ஆகவே 7,500-ஐ 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். ஈமச்சடங்குக்குக் குறைந்தது 5,000 தனி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி. உங்கள் தொகைக்கு அது வருடத்துக்கு 1,77,354 ரூபாய். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால், அசலில் 50 சதவீதம் வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். பஞ்சாயத்தில் கொடுத்த இரண்டு லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. உங்களுக்கு 2027 ஆகஸ்டு வரை நேரம் இருக்கிறது, ஆனால் காத்திருக்காதீர்கள். கூடவே கடலுக்குப் போனவர்கள் வேறு படகுக்கு, வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். சாட்சி கிடைப்பது மாதத்துக்கு மாதம் கடினமாகும்.

சேகரிக்க வேண்டியவை: கடலோரக் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வயதைக் காட்டும் ஆதாரம், மீனவர் நல வாரிய அட்டை, படகின் பதிவு எண். அன்று கடலுக்குப் போக மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கியிருந்தால் அந்தப் பதிவின் நகல். பங்குப் பணம் போட்ட வங்கிக் கணக்கு, கூகுள் பே வரவு, கணக்குப்பிள்ளை எழுதிய நோட்டின் புகைப்படம். கூட இருந்த இருவரின் உறுதிமொழிப் பத்திரம். இவ்வளவும் இரண்டே விஷயத்தை நிரூபிப்பதற்காகத்தான்: அவர் அந்தப் படகில்தான் வேலை பார்த்தார், மாதம் இவ்வளவு சம்பாதித்தார். விபத்து நடந்ததை யாரும் மறுக்கப்போவதில்லை. ‘எங்கள் படகு ஆளே இல்லை, அன்றைக்கு மட்டும் வந்தார்’ என்ற வாதமும், ‘மாதம் ஐயாயிரம்தான்’ என்ற வாதமும்தான் வரும். மாத ஊதியம் 15,000 என்பதற்குப் பதில் 10,000 என்று முடிவானால் உங்கள் தொகை 9,85,300 ஆகிவிடும். காகிதம் இல்லாததால் ஏறக்குறைய ஐந்து லட்சம் போய்விடும்.

எங்கே போவது? தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக அதிகாரம் பெற்ற அதிகாரியிடம். உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்று மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். முதலில் படகு முதலாளிக்கு ஒப்புகையோடு தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். மரணம் நடந்த தகவலை ஆணையருக்கு எழுதினால், முப்பது நாளுக்குள் பதில் சொல்லும்படி அவரே முதலாளிக்கு ஆணையிட முடியும். பொறுப்பை ஏற்றால் முதலாளி அதே முப்பது நாளில் பணத்தைக் கட்ட வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த எழுத்தே பின்னால் உங்கள் வழக்குக்கு உதவும்.

மனுவில் மாமியாரை விட்டுவிடாதீர்கள். விதவைத் தாய், மனைவி, மைனர் மகன், மணமாகாத மகள் ஆகியோர் தனியாக நிரூபிக்காமலேயே சார்ந்தோர் ஆவார்கள். மாமனார் இருந்திருந்தால், மகனை நம்பி வாழ்ந்தவர் என்று காட்ட வேண்டியிருக்கும். ஒருவரை விட்டுவிட்டுப் போட்ட மனு, அவர் தனியாக வந்து ஆட்சேபித்ததும் நின்றுபோகும். மாமியார்–மருமகள் மனக்கசப்பால் இப்படி முடங்கும் மனுக்கள் உண்டு. பங்கை ஆணையரே பிரிப்பார். பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும்வரை வங்கியில் வைப்பார். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்பட்டால் காரணம் எழுதிக் கேட்டு எடுக்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

கேள்வி: இழுவைப்படகில் பங்குக்குப் போகிறேன். வயது 40. சென்ற ஆண்டு செப்டம்பர் 13 அன்று வின்ச்சில் (வலைக் கயிறு சுற்றும் இயந்திரத்தில்) கம்பி ரோப்போடு கை சிக்கி வலது கட்டைவிரல் முழுதும் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். நஷ்டஈடு கேட்டால், ‘நீ சம்பளக்காரன் இல்லை, பங்குக்காரன். பங்காளிக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்’ என்கிறார். வாங்கிய அட்வான்ஸையும் கழிப்பேன் என்கிறார்.
— வாசகர், பழையாறு

பதில்: ‘பங்கு’ என்ற ஒரு வார்த்தையை வைத்து யாரும் பங்காளியாகிவிட மாட்டார்கள். ஆணையர் பார்ப்பது வேறு கேள்விகள். படகும் வலையும் இன்ஜினும் யாருடையவை? எப்போது கடலுக்குப் போவது, எங்கே வலை விடுவது, யாரை ஏற்றுவது, யாரை நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? படகு உடைந்தால் கடன் யார் தலையில்? இவை எல்லாம் முதலாளி பக்கம் இருந்து, டீசல், ஐஸ், ரேஷன் கழித்து மிஞ்சியதில் உங்களுக்குப் பங்கு வருகிறது என்றால், அது கூலியைக் கணக்கிடும் ஒரு முறை. நீங்கள் அவர் வேலையாள்தான். மாறாக மூன்று உறவினர்கள் சேர்ந்து கடன் வாங்கி ஒரு ஃபைபர் படகு வைத்து, லாபநஷ்டத்தை மூவரும் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால் அங்கே முதலாளி என்று யாரும் இல்லை. இந்தச் சட்டமும் அங்கே உதவாது. அவர்களுக்கு மீனவர் விபத்துக் காப்பீடும் நல வாரியமும்தான் வழி.

உங்கள் மாத ஊதியம் எவ்வளவு என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பதினான்கு நாளுக்கு மேல் வேலை விடுபட்டால் தொடர்ச்சி அறுந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது பன்னிரண்டு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் வகுக்கும் கணக்கு வராது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன நாளிலிருந்து விபத்துக்கு முந்தைய நாள்வரை சம்பாதித்ததை முப்பதால் பெருக்கி, அந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 12 வரை 90 நாள். அதில் பங்கும் பேட்டாவும் சேர்த்து 36,000 வந்திருந்தால் மாத ஊதியம் 12,000. தடைக்காலத்திலும் அதே முதலாளிக்கு வலை கோர்த்து, படகுக்குப் பெயின்ட் அடித்துக் கூலி வாங்கியிருந்தால் தொடர்ச்சி அறவில்லை என்றாகும். அப்போது பன்னிரண்டு மாதக் கணக்கு வரும். எது பொருந்தும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு மனு எழுதுங்கள். கடலில் போடும் சாப்பாட்டையும் பணமதிப்பாக்கிச் சேர்க்கக் கேட்கலாம். அட்வான்ஸ் ஊதியம் ஆகாது.

நிரந்தர முழு ஊனத்துக்கு ஊதியத்தில் 60 சதவீதத்தைக் காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. எனவே 7,200-ஐ அதனால் பெருக்கினால் 13,26,024. சட்ட அட்டவணையில் கட்டைவிரல் இழப்பு 30 சதவீதம். ஆக 3,97,807 ரூபாய். வேலைக்குப் போக முடியாமல் இருந்த நாட்களுக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை ஊதியத்தில் கால் பங்கு, உங்களுக்கு 3,000 ரூபாய், வந்திருக்க வேண்டும். அப்படி வாங்கியது இருந்தால் முழுத்தொகையில் கழியும். ஆனால் மருத்துவச் செலவுக்கு முதலாளி கொடுத்ததைக் கழிக்கவே கூடாது. சிகிச்சைச் செலவைத் தருவது அவருடைய தனிக் கடமை. அட்வான்ஸையும் கழிக்க முடியாது. இழப்பீட்டில் வேறு எந்தக் கடனையும் ஈடுகட்டக் கூடாது என்று சட்டம் நேராகவே சொல்கிறது.

ரோப் பிடிக்கவே முடியாமல் கடல் வேலை முழுதும் நின்றுபோயிருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். இடது கை போன ஒரு தச்சரின் வழக்கில், அவர் இனித் தச்சு வேலை செய்யவே முடியாது என்பதால் அதை முழு ஊனம் என்றே உச்ச நீதிமன்றம் 1970-களில் ஏற்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று கேட்டால் வக்கீலுக்குத் தெரியும். கட்டைவிரலுக்கு அப்படியே கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டோம். கேட்காவிட்டால் பரிசீலிக்கவே மாட்டார்கள்.

இங்கே பலர் தவறும் இடம் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். வலியில் இருப்பவரைக் கொண்டுபோகும் ஆள், போலீஸ் வம்பு வேண்டாம் என்று ‘வீட்டில் கதவில் நசுங்கியது’ என்று சொல்லிவிடுவார். பிறகு எத்தனை சாட்சி வந்தாலும் அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு விடாது. ‘படகில், வின்ச்சில்’ என்று பதிவாகியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இன்னொன்று, ஊனச் சான்றின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம் வேறு. அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு, உதாரணமாக முதுகெலும்புக்கு, இரண்டாவதைத்தான் மருத்துவர் மதிப்பிட்டுத் தர வேண்டும். முதலாளி தன் செலவில் மருத்துவரிடம் காட்ட அழைத்தால் மறுக்காதீர்கள். மறுத்தால் உரிமை நிறுத்திவைக்கப்படும்.

சமரசமாகவே முடித்துக்கொள்ள விரும்பினால் தவறில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் அவர் பதிய மறுப்பார். பதியாத ஒப்பந்தத்தில் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் கழிக்க, ஆணையர் தனியாக அனுமதித்தால் ஒழிய, முதலாளிக்கு உரிமை இல்லை. இது முதலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டியது.

கேள்வி: என் மகன் போன படகு திரும்பி வந்தது, அவன் மட்டும் வரவில்லை. விடியக்காலம் பார்த்தபோது ஆளைக் காணோம் என்கிறார்கள். உடலும் கிடைக்கவில்லை. ஏழு வருடம் கழித்துத்தான் கேட்க முடியும் என்று சொல்கிறார்கள்.
— ஒரு தாய், வெள்ளப்பள்ளம்

பதில்: அம்மா, ஏழு வருடம் காத்திருக்காதீர்கள். ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம் தரும் ஒரு வழி. மரணத்தை நிரூபிக்க அது ஒன்றே வழி என்று எங்கும் இல்லை. சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து இறந்துவிட்டார் என்ற முடிவுக்கு ஆணையர் வரலாம். கப்பல் மாலுமிகளுக்கு இன்னும் குறுகிய கெடு இருக்கிறது. இறந்த செய்தி கிடைத்து ஓர் ஆண்டுக்குள் கேட்க வேண்டும். கப்பலே எல்லாரோடும் மூழ்கியிருந்தால் பதினெட்டு மாதம். படகுத் தொழிலாளரையும் இதில் சேர்த்து எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். அதனால் ஓர் ஆண்டு முடியுமுன் மனுவைப் போட்டுவிடுங்கள்.

ஆனால் ‘காணவில்லை’ என்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1961 டிசம்பரில் துவாரகா என்ற கப்பலில் ஒரு மாலுமி இரவில் காணாமல் போனார். நெஞ்சு வலி, தூக்கமில்லை என்று அதற்கு முன் சொல்லியிருக்கிறார். தந்தை கேட்ட இழப்பீட்டை மும்பை உயர் நீதிமன்றம் கொடுத்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேலை காரணமான விபத்தில்தான் விழுந்தார் என்று காட்டச் சாட்சியம் இல்லை என்பதே காரணம். கப்பலில் இருந்தபோது நடந்தது என்று மட்டும் காட்டினால் போதாது; வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பு தெரிய வேண்டும்.

ஆகவே கூட இருந்தவர்களின் வாக்குமூலத்தில் இவை வர வேண்டும்: கடைசியாக எத்தனை மணிக்கு, படகின் எந்தப் பக்கம் பார்த்தார்கள்? அப்போது அவர் காவல் முறையில் இருந்தாரா, வலை பார்த்துக்கொண்டிருந்தாரா, இன்ஜின் பக்கம் இருந்தாரா? காற்று, அலை எப்படி? படகின் ஓரத்தில் தடுப்புக் கம்பி இருந்ததா, கழிப்பறை இல்லாமல் ஓரத்துக்குப் போக வேண்டியிருந்ததா? உயிர்காப்பு மிதவை கொடுத்திருந்தார்களா? எவ்வளவு நேரம் தேடினார்கள், வயர்லெஸ்ஸில் யாருக்குச் சொன்னார்கள்? கடலோரக் காவல் படையின் தேடுதல் பதிவும், கடலோரக் காவல் நிலையத்தின் ‘ஆள் காணவில்லை’ வழக்கின் இறுதி அறிக்கையும் முக்கியம். அந்த வழக்கை ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று வெறுமனே முடிக்க விடாதீர்கள். கடலில் விழுந்து இறந்திருக்க வேண்டும் என்ற முடிவு அறிக்கையில் எழுதப்பட வேண்டும் என்று மனுக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறேன். ஒரு விபத்து வந்தால் படகை விற்றுத்தான் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. அரசின் ஐந்து லட்சக் காப்பீடு இருக்கும்போது நான் தனியாகவும் எடுக்க வேண்டுமா?
— படகு உரிமையாளர், கீச்சாங்குப்பம்

பதில்: எடுக்கத்தான் வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவருக்குக் கிடைக்கும் குழு விபத்துக் காப்பீடு, மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. அது மீனவருக்கு அரசு தரும் பாதுகாப்பு. முதலாளியின் பொறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி என்று தனியாகக் கேளுங்கள். வங்கிக் கடனுக்காக எடுத்த படகுக் காப்பீட்டில் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தைக் குறைக்க எட்டுப் பேர் போகும் படகில் ஐந்து பேர் என்றும், மாதம் ஆறாயிரம் சம்பளம் என்றும் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. விபத்து வந்ததும் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் எடுத்துவைக்கும். மீதியை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். ஆள் எண்ணிக்கையை அதிகபட்சமாக எழுதுங்கள். படகுப் பதிவும் மீன்பிடி உரிமமும் காலாவதியாகாமல் இருக்கட்டும். மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்காக ஆணையர் விதிக்கும் தண்டத்தொகையைப் பாலிசி ஏற்காது. அது உங்கள் கையிலிருந்துதான் போகும். வட்டியை ஏற்குமா என்பது பாலிசி வாசகத்தைப் பொறுத்தது. ஆகவே விபத்து நடந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் ஆணையரிடம் பணம் கட்டவைப்பது உங்களுக்கே லாபம். தகராறு இருந்தாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளும் அளவை உடனே கட்டிவிடலாம், கட்டவும் வேண்டும்.

ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துப் பங்குக் கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேராசையில் யாரும் கூடுதலாகக் கேட்டால் அந்த நோட்டே உங்களைக் காக்கும்.

கேள்வி: கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் இடத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை. கன்வேயரில் கால் முறிந்தது. ஒப்பந்தக்காரர் போனையே எடுப்பதில்லை.
— வாசகர், காரைக்கால்

பதில்: முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் உங்கள் வழி இ.எஸ்.ஐ. அலுவலகம்தான், இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. அங்கே ஊனப் பலன் ஊதியத்தில் 90 சதவீத அளவில் வரும், அது பல நேரம் மேலானது. விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பியதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இ.எஸ்.ஐ. இல்லை என்றால், ஒப்பந்தக்காரரை மட்டும் துரத்த வேண்டியதில்லை. யாருடைய தொழிலுக்காக அந்த வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வார். மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராக எழுதுங்கள். காரைக்கால் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையின் கீழ் வருவதால் நாகை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். நாகூரில் குடியிருந்துகொண்டு காரைக்காலில் வேலை பார்ப்பவர் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் போடலாம்.

கேள்வி: சென்ற மாதம் விடியற்காலை இரண்டு மணிக்கு, துறைமுகத்துக்குப் பைக்கில் போகும்போது என் தம்பி லாரி மோதி இறந்துவிட்டான். கடலுக்கே போகவில்லையே என்கிறார் முதலாளி.
— வாசகர், வேளாங்கண்ணி

பதில்: புதிய சட்டத் தொகுப்பு இதை நேராகவே சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அல்லது திரும்பும் வழியில் நடந்த விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையின்போது நடந்ததாகவே கருதப்படும். பழைய சட்டத்தின் காலத்து விபத்துக்கும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இப்படியே தீர்ப்பளித்தது. வேலைக்குப் போகும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலர் ஒருவரின் வழக்கு அது. இரண்டு மணிக்கு வரச் சொன்ன படகு டிரைவரின் போன் அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி, அன்று அந்தப் படகு கிளம்பிய நேரம் இவற்றை உடனே பத்திரப்படுத்துங்கள். லாரி மோதியதால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமும் திறந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். லாரிக்குக் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் தீர்ப்பாயத்தில் தொகை கூடுதலாக வரும், ஏனென்றால் அங்கே 15,000 என்ற உச்சவரம்பு கிடையாது. இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: மகன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.
— வாசகர், தரங்கம்பாடி

பதில்: சிகிச்சை முடிந்து ஊன அளவு தெரியும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். அந்தத் தாள் பெரும்பாலும் ‘முழுதும் பெற்றுக்கொண்டேன்’ என்பதாக இருக்கும்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன்படி கப்பலில் ஏற்பட்ட காயத்துக்குச் சிகிச்சைச் செலவு கப்பல் உரிமையாளருடையது. ஊருக்கு வந்தபின் கொடுக்க வேண்டிய ஊதியத்தையும் சிகிச்சையையும் ஒரு நாடு வரம்பு கட்டலாம், ஆனால் பதினாறு வாரத்துக்குக் குறைவாக வைக்க முடியாது. மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்கும் ஒப்பந்தத்தில் சொன்ன தொகையைத் தர நிதிப் பாதுகாப்புச் சான்று 2017 ஜனவரி முதல் கப்பலில் ஒட்டிவைக்கப்பட வேண்டும். அதில் காப்பீட்டாளரின் பெயரும் தொடர்பும் இருக்கும். கூட வேலை பார்த்தவரிடம் சொல்லி அதன் போட்டோவை வாங்குங்கள். ஏஜென்ட் பதில் சொல்லாவிட்டாலும் அந்தக் காப்பீட்டாளரிடம் நேரடியாகக் கேட்க வழி இருக்கிறது.

வைத்திருக்க வேண்டியவை: வேலை ஒப்பந்தம், சி.டி.சி. புத்தகத்தின் (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்) பக்கங்கள், கப்பல் தலைவரின் விபத்து அறிக்கை, மருத்துவப் பதிவேட்டு நகல், இறங்கிய துறைமுகத்து ஆஸ்பத்திரித் தாள்கள். ஒப்பந்தத்தில் ‘கூட்டு ஒப்பந்தம்’ என்று ஏதாவது குறிப்பிட்டிருந்தால் அதன் ஊன அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகை பெரும்பாலும் நம் நாட்டுச் சட்டத்தைவிட அதிகம். அந்த ஏஜென்ட் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்று எண்ணைச் சரிபாருங்கள். உரிமம் உள்ளவர் மீது அங்கே புகார் செய்யலாம். அவர் உரிமத்துக்கே அது ஆபத்து என்பதால் பதில் வரும். உரிமம் இல்லாதவர் மூலம் போயிருந்தால் கப்பல் உரிமையாளரையும் அவரது காப்பீட்டாளரையும் நேரே தேடிப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: குடித்திருந்தார் என்று சொல்லி முதலாளி மறுக்கிறார். இறந்தவர் என் அண்ணன்.
— வாசகர், பூம்புகார்

பதில்: மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த மறுப்பு செல்லாது. அதற்குக் குறைந்த காயங்களுக்கு மட்டுமே அதைச் சொல்லலாம். அங்கும், விபத்துக்கு நேரடிக் காரணமே குடிதான் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: ஆணையர் உத்தரவு எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஆறு மாதமாகியும் பணம் கட்டவில்லை. மேல்முறையீடு போகிறோம் என்கிறார்கள்.
— வாசகி, வேதாரண்யம்

பதில்: முதலாளி உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால், உத்தரவான தொகை முழுதையும் ஆணையரிடம் கட்டி, அதற்கான சான்றை மேல்முறையீட்டு மனுவோடு வைக்க வேண்டும். கெடு அறுபது நாள், அதுவும் சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும். ஆறு மாதமாகப் பணமும் கட்டாமல் மேல்முறையீடு என்று சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நிலவரிப் பாக்கியைப் போல வசூலித்துத் தரும்படி ஆணையரிடமே மனுக் கொடுங்கள். அவர் மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்று அனுப்புவார். அந்த மனுவில் முதலாளியின் படகுப் பதிவு எண், வீட்டுச் சர்வே எண், வங்கிக் கணக்கு இவற்றில் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். வெறும் பெயரும் ஊரும் மட்டும் உள்ள சான்று தாலுகா அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். எதை ஜப்தி செய்வது என்று எழுதியிருந்தால் வருவாய் ஆய்வாளர் நேரே அந்த இடத்துக்குப் போக முடியும். பணம் கட்டும் நாள்வரை 12 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வசூல் சான்றில் அந்த வட்டியும் சேர்ந்திருக்கிறதா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள்.